மூன்றாம் சக்கரத்தின் காற்று

ஜனவரி 11

தம்பிக்கு,

இரண்டு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். இதைச் சமாதானக் கடிதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு ஒரு விவரம் தேவை. அது தெரிந்தவர் என்று எனக்குத் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் அண்ணனும் நீங்களும் சேர்ந்து கட்டிய தொட்டி வண்டியை நான் விற்கவில்லை. மோட்டார் சைக்கிளும் அதன் இடப்பக்கம் பூட்டிய சைட்காரும் விபத்துக்குப் பிறகு எப்படிக் கொண்டுவந்து போட்டார்களோ அப்படியே வீட்டுக்குப் பின்னால் கிடந்தன. போன மாதம்தான் தார்ப்பாயை எடுத்தேன். தொட்டியின் நசுங்கிய முன்பக்கத்தைப் பக்கத்து வீட்டுத் தச்சர் அறுத்தெறிந்துவிட்டுப் புதுப் பலகை வைத்துக் கொடுத்தார். வெல்டிங் பட்டறையில் சட்டத்தை நிமிர்த்தி, மூன்று சக்கரமும் நேராக நிற்கிறதா என்று நூல் பிடித்துக் காட்டினார்கள். எஞ்சின் ஓடுகிறது. டயர்தான் மிச்சம். முன்னும் பின்னும் இருப்பவை வெயிலில் வெடிப்பு விட்டுவிட்டன. தொட்டிச் சக்கரத்தில், அன்று வெடித்த டயர் இன்னும் கந்தலாகத் தொங்குகிறது.

இங்கே டயர் கடைக்காரர் சாதாரண மோட்டார் சைக்கிள் டயர் மூன்றைக் காட்டி, எல்லாவற்றிலும் முப்பது பவுண்டு காற்று அடித்துக்கொண்டால் ஓடும் என்றார். எதைக் கேட்டாலும் ஓடும் என்று சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

எனவே இரண்டு கேள்வி. என்ன டயர் போட வேண்டும்? ஒவ்வொன்றிலும் எவ்வளவு காற்று இருக்க வேண்டும்? ஓட்டப்போவது நான். தொட்டியில் உட்காரப்போவது அவர். இடுப்புக்குக் கீழே அவருக்கு அசைவு திரும்பவில்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

தொலைபேசியில் பேசினால் நம் இருவரில் ஒருவர் பாதியில் வைத்துவிடுவோம். அதனால்தான் கடிதம். வண்டி சரியாவது அவருக்குத் தெரியும், உங்களுக்கு எழுதுவது தெரியாது. பதிலை நான் வேலை பார்க்கும் அச்சகத்தின் முகவரிக்கு அனுப்புங்கள்.

உங்கள் அண்ணி

*

ஜனவரி 20

அண்ணிக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிரிக்கப் பயந்து மத்தியானம் வரை சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.

நீங்கள், நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை டேய் என்றுதான் கூப்பிட்டிருக்கிறீர்கள். படிக்கும்போது வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டது போல இருந்தது.

வண்டியை விற்றுவிடுங்கள். இரும்பு விலைக்குப் போனாலும் போகட்டும். தொட்டி வண்டி ஓட்டுவது மொபெட் ஓட்டுவது போல இல்லை. உங்களுக்கு அது வேண்டாம், அண்ணனுக்கு நிச்சயமாக வேண்டாம்.

நான் இங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில், தேய்ந்த லாரி டயருக்குப் புதுத்தோல் ஒட்டி வேகவைக்கிற பட்டறையில் இருக்கிறேன். மாடியில் ஒரு அறை. தலையணை வரை ரப்பர் வாசனைதான். டயர் எனக்குத் தெரியும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் மூன்று சக்கரத்துக்கும் நான்தான் காற்று அடித்தேன். தொட்டிக்கு இருபத்து நான்கு. காலையில் கிளம்பும் அவசரத்தில் திரும்பப் பார்க்கவில்லை. இரவில் எங்கேயோ கசிந்திருக்கிறது. காற்று குறைந்த டயர் ஓட ஓடச் சூடாகும், சூடானால் கிளியும். ஒரு பக்கச் சக்கரம் இழுத்துக்கொண்டு போனதும் என்னால் திருப்ப முடியவில்லை. பாலத்துக் கல்லில் அண்ணன் உட்கார்ந்திருந்த தொட்டிதான் மோதியது. எனக்குத் தோள்பட்டை எலும்போடு போயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா, கிளம்பும்போது காற்று பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதும் நினைவிருக்கும். அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இப்படிப்பட்டவனிடம் போய் எவ்வளவு காற்று என்று கேட்கிறீர்களே, அண்ணி.

தம்பி

*

ஜனவரி 26

டேய்,

இப்போது சரியாக இருக்கிறதா?

என் வீட்டு வாசலை இனி மிதிக்காதே என்றேன். நினைவிருக்கிறது. இப்போதும் வா என்று கூப்பிடவில்லை, டயர்தான் கேட்கிறேன். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

நிலஅளவை அலுவலகத்தில் அவருக்குப் பழைய வேலையே திரும்பக் கிடைக்கும் போல இருக்கிறது. வெளியே போய் அளக்க வேண்டாம், உட்கார்ந்து வரைபடம் போட்டால் போதும். கீழ்த்தளத்தில் ஒரு அறையும் ஒதுக்கிவிட்டார்கள். ஏப்ரல் முதல் தேதி வந்து சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். வீட்டிலிருந்து பதினோரு கிலோமீட்டர். பேருந்தில் அவர் சக்கர நாற்காலி ஏறாது. வாடகைக் கார் ஒன்று பேசினோம். அந்த டிரைவர் இரண்டு நாள் ஒத்திகைக்கு வந்துவிட்டு, நாற்காலியை மடிக்க நேரமாகிறது என்று நின்றுவிட்டார்.

வேலைகூட இரண்டாவதுதான். மனிதர் பேசுவதில்லை. வண்டியைப் பழுது பார்க்க எடுத்தபோதுகூட வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர்தான் இருக்கிறது. இரண்டு வருடமாக அதையே பார்க்கிறார்.

நீ சொல்லாவிட்டால் நான் ஓட்டாமல் இருந்துவிடுவேன் என்று நினைக்காதே. அந்த முப்பது பவுண்டுக்காரர் சொன்னதைப் போட்டுக்கொண்டு ஓட்டுவேன். எது உனக்கு நல்லது என்று நீயே யோசி.

கிழியும் என்பதற்குக் கிளியும் என்று எழுதியிருக்கிறாய். பிழை திருத்துகிறவளுக்கு எழுதும்போது கொஞ்சம் பார்த்து எழுது. டயர் சூடானால் பறவையாகாது.

அண்ணி

*

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

நீங்கள் ஓட்டுவீர்கள் என்பது தெரியும். அதனால் எழுதுகிறேன்.

மோட்டார் சைக்கிள் டயரின் முகம் முட்டை போல வளைந்திருக்கும். வளைவில் வண்டி சாய வேண்டும், அதற்காக. தொட்டி வண்டி சாயாது. வளைந்த டயரைப் போட்டால் நடுவில் ஒரு விரல் அகலம்தான் தரையைத் தொடும். இரண்டாயிரம் கிலோமீட்டரில் நடு வழுக்கையாகிவிடும், ஓரம் புது மாப்பிள்ளை மாதிரி இருக்கும். பிரேக் பிடித்தாலும் நிற்காது.

பின்சக்கரத்துக்கு முகம் தட்டையாக, ஓரம் சதுரமாக, பக்கச்சுவர் தடித்ததாகக் கேளுங்கள். சரக்கு ஏற்றுகிற மோட்டார் சைக்கிளுக்கு வரும். கார் டயர் போடலாம் என்று எவராவது சொல்வார். நம் வண்டிச் சக்கரத்தின் விளிம்பு பதினெட்டு அங்குலம், அதில் கார் டயர் உட்காராது. முன்சக்கரத்துக்கு நீளவாக்கில் கோடு ஓடுகிற டயர். தொட்டி வண்டியில் கைப்பிடி கனமாக இருக்கும், அந்தக் கோடு வண்டியை நேராகப் பிடித்துக்கொடுக்கும்.

தொட்டிச் சக்கரத்தில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் செய்வார்கள். எஞ்சின் இழுப்பதில்லை, சும்மா உருள்வதுதானே என்று பழசை மாட்டுவார்கள். செய்யாதீர்கள். பின்னால் போட்ட அதே டயரையே போடுங்கள். ஒரே அளவு என்பதால் அவசரத்துக்கு ஒன்றை இன்னொன்றின் இடத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு கட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம். ஒரு வருடத்துக்கு மேல் கடையில் தூங்கியதை வாங்க வேண்டாம். புதுத்தோல் ஒட்டிய டயரும் வேண்டாம். என் பிழைப்பே அதுதான், ஆனாலும் உங்களுக்கு வேண்டாம்.

காற்று இப்போது சொல்ல மாட்டேன். எந்தச் சக்கரம் எத்தனை கிலோ சுமக்கிறது என்று தெரியாமல் காற்று சொல்கிறவன் பொய் சொல்கிறான். நீங்கள் மேலே உட்கார்ந்து, அண்ணன் எடைக்குத் தொட்டியில் மணல் மூட்டை வைத்து, ஒவ்வொரு சக்கரமாக எடை போட்டு எழுதுங்கள். ஒன்று தராசில் ஏறும்போது மற்ற இரண்டும் அதே உயரத்தில் நிற்க வேண்டும்.

அண்ணன் சாப்பிடுகிறாரா?

தம்பி

*

பிப்ரவரி 17

தம்பிக்கு,

சாப்பிடுகிறார்.

நீ சொன்னபடி டயர் கேட்டதும் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கட்டத்துக்குள் இருந்த எண்ணைப் படித்து இரண்டு டயரைத் திருப்பிக் கொடுத்த பிறகு நாற்காலி போட்டார். மூன்றும் மாட்டியாகிவிட்டது.

எடை போடுவதற்குத்தான் அலைந்தேன். கடைசியில் எங்கள் அச்சகத்துக்குக் காகிதம் வருகிற கிடங்கில் தரைத் தராசு இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. கிடங்குக்காரர் நல்ல மனிதர். மற்ற இரண்டு சக்கரத்துக்கும் அடியில் தராசின் உயரத்துக்கே அட்டைக் கட்டுகளை அடுக்கிக் கொடுத்தார். அறுபத்தாறு கிலோ மணலைத் தொட்டியில் வைத்துவிட்டு நான் மேலே ஏறி உட்கார்ந்தேன். கிடங்கில் இருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நானும் முகத்தை மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். முன் 104. பின் 183. தொட்டி 95. இரண்டு முறை போட்டேன், மாறவில்லை.

மூடிக் கிடக்கிற ஆலையின் முற்றத்தில் தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பழகுகிறேன். முடுக்கினால் இடப்பக்கம் இழுக்கிறது. பிரேக் பிடித்தால் வலப்பக்கம் ஓடுகிறது. நேராகப் போ என்றால் மட்டும் போவதில்லை. உங்கள் வீட்டு ஆண்கள் கட்டிய வண்டி என்பதில் சந்தேகமே இல்லை.

மூன்றாம் நாள் மூட்டையை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். இடது திருப்பத்தில் தொட்டிச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது. ஒரு நொடி நான் காற்றில் சாய்ந்த மேஜை மேல் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. முழங்கை சிராய்த்துவிட்டது. இறங்கி வெறும் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அன்று உன் கையில் இது எப்படி இருந்திருக்கும் என்று முதல் தடவையாக நினைத்துப் பார்த்தேன். அதுவரை அவர் இடத்திலிருந்து மட்டும்தான் நினைத்திருக்கிறேன்.

அவ்வளவுதான். காற்றைச் சொல்.

அண்ணி

*

பிப்ரவரி 24

அண்ணிக்கு,

முன் 22. பின் 32. தொட்டி 24.

காலையில் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும். முந்தின நாள் பார்த்தது கணக்கில்லை. கையால் அழுத்திப் பார்ப்பதும் காலால் உதைத்துப் பார்ப்பதும் பார்த்தது ஆகாது. அளவுமானி ஒன்று வாங்கி உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரம் ஓடிய பிறகு தொட்டிச் சக்கரத்தில் திரும்ப ஒரு தடவை வைத்துப் பாருங்கள். இருபத்தாறு, இருபத்தேழு வரை ஏறலாம். முப்பதைத் தொட்டால் உள்ளே சூடு அதிகம், அதாவது கிளம்பும்போதே காற்று குறைவு. நம்ப முடியாதது போல இருக்கும், ஆனால் அப்படித்தான். குறைத்து வைத்தால்தான் கூடும்.

இருபத்து நான்கில் தொட்டி கொஞ்சம் தூக்கித் தூக்கிப் போடும். அண்ணனுக்கு முதுகு வலிக்கும். முதுகுக்கு மெத்தை போடுங்கள், காற்றில் கை வைக்க வேண்டாம். இருபத்து மூன்றுகூட வேண்டாம்.

இடது திருப்பத்தில் வேகத்தைத் திருப்பத்துக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு யோசித்தால் நேரம் இருக்காது. தொட்டி காலியாக இருந்தால் மூட்டை இல்லாமல் ஓட்டாதீர்கள்.

முழங்கைக்கு மருந்து போட்டீர்களா?

தம்பி

*

மார்ச் 10

தம்பிக்கு,

இதை உட்கார்ந்து படி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை முதல் தடவையாகத் தொட்டியில் ஏற்றினோம். தச்சர் தூக்கி உட்காரவைத்தார். அளவுமானியை அவர் கண்முன்னாலேயே வைத்துப் பார்த்தேன். இருபத்து நான்கு. மெதுவாகக் கடைத்தெரு தாண்டி ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்பினோம். மேடுபள்ளம் வந்தபோதெல்லாம் தொட்டியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆனால் முகத்தில் காற்றுப் பட்டது, தம்பி. தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் நிறுத்தியதும், "ரெண்டு மூணு பவுண்டு இறக்கி வை, முதுகுல இடிக்குது" என்றார். இருபத்து மூன்றுகூட வேண்டாம் என்று உங்கள் தம்பி எழுதியிருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது. எத்தனை கடிதம், எப்போதிலிருந்து என்று கோபமாகக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தூக்கி இறக்க வந்த தச்சரை அப்புறம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார். தொட்டியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"அன்னைக்கும் இடிக்கும்னுதான் இறக்கினேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "அவன் ஹெல்மெட் எடுக்க உள்ள போனான். நான் வால்வு மூடியைக் கழட்டி நகத்தால அழுத்தினேன். எவ்வளவு போச்சுன்னு தெரியாது. டயர் மெத்துன்னு ஆனதும் விட்டுட்டேன். சொன்னா கிழவன்னு கேலி பண்ணுவான்னு சொல்லல."

அப்படியானால் ஆஸ்பத்திரியில் அப்பா அவனைக் கேட்டபோது உங்களுக்குக் காது கேட்டதா என்று கேட்டேன். கேட்டது என்றார். கதவு திறந்துதான் இருந்ததாம்.

"முதல்ல வலி. வலி குறைஞ்சப்ப அவன் ஊர்லயே இல்ல. போனவனுக்கு என்னன்னு எழுதறது? நாளாக ஆக, கால் போனதைவிட அதுதான் பெரிசா ஆயிடுச்சு."

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள். இரண்டு வருடம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு மனிதர் எதை மென்றுகொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரக்கம் வரவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பிறகு, நீங்களே உங்கள் தம்பிக்கு எழுதுங்கள் என்றேன். நான்கு சாயங்காலம் வரைபலகையில் தாளைப் பொருத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வந்தது இவ்வளவுதான். உள்ளே வைத்திருக்கிறேன். "தம்பிக்கு" என்று ஒரு சொல், வரைபடத்துக்குத் தலைப்பு எழுதுவது போல அத்தனை அழகாக. அதற்குக் கீழே எதுவும் இல்லை.

இதை உனக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். வேலைக்குப் போக வேண்டும், வண்டி ஓட வேண்டும், நீயும் பழகிவிட்டாய், எதற்குக் கிளற வேண்டும் என்று ஒரு மனம் சொல்லத்தான் செய்தது. நான் அந்த மனத்தின் பேச்சைக் கேட்கவில்லை.

அவர் செய்தது அவரோடு. வராந்தாவில் உன்னை அப்படிச் சொன்னது நான். அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. விசாரிக்காமல் சொன்னேன். அப்போது உன் தோளில் கட்டுப் போட்டிருந்தது, அதைக்கூடப் பார்க்கவில்லை. மன்னித்துவிடு.

அண்ணி

*

மார்ச் 29

அண்ணிக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். கிழித்து என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

காலையில் நான் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அது என் தப்பு, இப்போதும் என் தப்புதான். ஆனால் அது கால் பங்கு. முழுவதையும் நான் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

இந்த ஊரில் வந்து இறங்கியதிலிருந்து இரண்டு வருடமாக நான் ஒரு வண்டியிலும் ஏறவில்லை. எங்கே போனாலும் நடைதான். முதலாளி என்னை மேஸ்திரி ஆக்குகிறேன் என்றார். வேகவைத்து வருகிற ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போடுகிற வேலை. மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். காற்று பார்க்க மறந்தவன் எதைப் பார்த்துச் சரி என்று எழுதுவது? அந்த வேலை இப்போது எனக்குப் பின்னால் வந்தவனிடம் இருக்கிறது.

அண்ணன் மேல் கோபம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. டயரை இறக்கியதற்கு இல்லை. என்னைக் கேட்டிருந்தால் நானே ஒரு மெத்தை போட்டிருப்பேன். கதவு திறந்திருந்தது என்றீர்களே, அதற்கு.

உங்கள் மேல் இல்லை. நீங்கள் சொன்னது எல்லோரும் சொல்வதுதான்.

எனக்கு எழுத வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். நேரில் வந்து சொல்லவும் வேண்டாம். முதலில் அப்பாவிடம் சொல்லட்டும். நான் போகும்போது அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

பின்சக்கரத்தில் வாரம் ஒரு தடவை தேய்மானம் பாருங்கள்.

தம்பி

*

ஏப்ரல் 12

தம்பிக்கு,

முதல் தேதி வேலையில் சேர்ந்துவிட்டார். காலையில் நான் கொண்டுபோய் விடுகிறேன், சாயங்காலம் போய்க் கூட்டிவருகிறேன். அலுவலக வாசலில் காவலாளி இறக்கிவிடுகிறார். அளவுமானியை இப்போது அவரே வாங்கிப் பார்க்கிறார். எண்ணை வாய்விட்டுச் சொல்வார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். வேறு பேச்சு எங்களுக்குள் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

நேற்று முன்தினம் அப்பாவைப் பார்க்க உன் அக்கா வீட்டுக்குப் போனோம். அப்பா வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். உன் அண்ணன் இறங்கவே இல்லை, தொட்டியில் உட்கார்ந்தபடியே சொன்னார். அவசரமாகச் சொன்னார், நடுவில் நிறுத்தினால் முடிக்க முடியாது என்பது போல. நான் எஞ்சினைக்கூட அணைக்கவில்லை. பாதியில் அக்கா வந்து அணைத்தாள்.

அப்பா ஒன்றும் திட்டவில்லை. செய்தித்தாளை மடித்தார், திரும்பப் பிரித்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "அவன் விலாசம் உங்கிட்ட இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அண்ணி

*

ஏப்ரல் 25

அண்ணிக்கு,

அப்பா வந்துவிட்டுப் போனார். முன்கூட்டிச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார். நான் வேகவைக்கிற அச்சிலிருந்து டயரை இழுத்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் கரி. அவர் டயர் அடுக்குகளுக்கு நடுவே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். பட்டறையில் யாராவது செருப்பைக் கழற்றுவார்களா? போட்டுக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

மாடியறையில் உட்கார்ந்தோம். ரொம்ப நேரம் டயர் பற்றியே கேட்டார். எப்படி ஒட்டுகிறீர்கள், எத்தனை மணி நேரம் வேகவைக்கிறீர்கள் என்று. நானும் பாடம் நடத்துவது போலச் சொன்னேன். கிளம்பும்போது படியில் நின்றுதான் சொன்னார்.

"காத்து பாத்தியான்னு உன்னை மட்டும் கேட்டேன். அவனையும் கேட்டிருக்கணும். பெத்தவன் ரெண்டு பேரையும் கேட்டிருக்கணும்."

பேருந்து நிறுத்தம் வரை கூடப் போனேன். கூட்டம் அதிகம். அவர் ஏறியதும் நானும் ஏறிவிட்டேன். ஏறின பிறகுதான் ஏறினது தெரிந்தது. நான்கு நிறுத்தம் போய் இறங்கித் திரும்பி நடந்து வந்தேன்.

மேஸ்திரி வேலை போனது போனதுதான், திரும்ப வராது. முதலாளியிடம் ஒன்று மட்டும் கேட்டேன், சனிக்கிழமைகளில் டயர் பார்க்கிற வேலையை எனக்கும் கொடுங்கள் என்று. பார்க்கலாம் என்றார்.

அண்ணனைக் கூட்டிவருவதாக அப்பா வாயிலாகச் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். அவரைப் பார்த்ததும் எனக்கு என்ன வரும் என்று தெரியவில்லை, அண்ணி. பேச்சு வராமலும் போகலாம். கெட்ட பேச்சே வந்தாலும் வரலாம். அதற்குத் தயாராக இருந்தால் வாருங்கள்.

நூற்று நாற்பது கிலோமீட்டர். மூட்டை முடிச்சைத் தொட்டிக்குள் திணிக்காதீர்கள், பின்னால் கட்டுங்கள். பின்சக்கரத்துக்கு இரண்டு பவுண்டு கூட்டி முப்பத்து நான்கு வையுங்கள், மற்றதைத் தொட வேண்டாம். வெயில் ஏறும் முன் கிளம்பி, பாதி வழியில் நிறுத்திப் பாருங்கள். துறைமுகச் சாலையில் தண்டவாளத்தைத் தாண்டும்போது குறுக்கே சாய்வாகப் போகாதீர்கள், நேர் எதிராக ஏறுங்கள்.

பட்டறை வாசலில் ஒரு மேடு இருக்கிறது. அங்கேயே நிறுத்திவிடுங்கள். அவரைத் தனியாக உங்களால் இறக்க முடியாது. நான் இருக்கிறேன்.

தம்பி